கெட்டிமேளத்துக்கு அடியில்

ஆடி கழிந்து வந்த முதல் முகூர்த்தத்தில், ஆவணி மூன்றாம் தேதி காலை ஏழேமுக்கால் மணிக்கு, எங்கள் ஊர் சிவகாமி மகாலில் அரிசி மில்காரர் மகளுக்குத் தாலி ஏறப்போகிற நேரத்தில், ஐயர் விரலை உயர்த்தி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கத்த, என் அண்ணன் கோமதிநாயகம் இருபத்துநாலு வருஷமாக அடிக்கிற மாதிரியே தன் தவிலை ஓங்கி அடித்தான், தவிலிலிருந்து ஒரு தும்மல் வந்தது.

தும்மலுக்குப் பின்னாலேயே "யம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்று ஒரு பெண்குரல். மணமேடையில் இருந்த பெண்ணின் குரல் இல்லை அது, அவள் வாய் மூடித்தான் இருந்தது. அண்ணன் மறுபடியும் அடித்தான். இந்தத் தடவை ஒரு பல்லி கத்தியது, அதோடு ஒரு ஆண்குரல் ரகசியம்போல, "வண்டிச் சாவி இன்னும் கைக்கு வரலையே" என்றது. மில்காரர் திரும்பி இரண்டாம் தவில்காரரைப் பார்த்து "நீரு அடியும்வே" என்றார். அவர் அடித்தார், தாலி ஏறியது, அட்சதை விழுந்தது, முதல் பந்தி நிரம்பியது. பந்தியில் பேச்செல்லாம் பாயசத்தில் முந்திரி குறைந்ததைப் பற்றித்தான். தவில் பேசியதைப் பற்றிக் கை கழுவுகிற இடத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள், அதில் ஒருவர் சாரல் அடிக்கிற காலத்தில் தோல் அப்படித்தான் என்று சொல்லி முடித்துவிட்டார்.

நான் மட்டும் பந்திக்குப் போகவில்லை. நான் சண்முகவடிவு, கோமதிநாயகத்தின் ஒரே தங்கை. அந்த இரண்டு குரலும் எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது என்று சொன்னது ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் ஆன செல்வி. வண்டிச் சாவி கேட்டது அதற்கு முந்தின முகூர்த்தத்து மாப்பிள்ளை, எங்கள் தெருக்காரன்தான். அடித்த அடியில் மூடிப்போன சத்தமெல்லாம் இத்தனை வருஷமும் அந்தத் தவிலுக்குள்ளேயே கிடந்திருக்கிறது, இப்போது கடைசியாக உள்ளே போனது முதலில் வெளியே வருகிறது என்று அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் கடைசியில் வரப்போவது என் குரல். ஏனென்றால் அந்தத் தவிலில் என் அண்ணன் அடித்த முதல் கெட்டிமேளம் என் கல்யாணத்துக்கு அடித்தது.

கெட்டிமேளம் எதற்கு என்று கேட்டால் எல்லாரும் மங்கலம் என்பார்கள். மங்கலமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தாலி ஏறுகிற அந்த நிமிஷத்தில் தும்மலோ, அழுகையோ, அபசகுனமாக ஒரு வார்த்தையோ யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது, அதற்காகத்தான் அடிப்பது. காதில் விழவில்லை என்றால் அது நடக்கவே இல்லை என்று கணக்கு. இதைக் கண்டுபிடித்தவன் எவனோ, அவனுக்கு நல்ல மூளை. இந்த விஷயத்தில் என் அண்ணனை மிஞ்ச எங்கள் ஜில்லாவில் ஆள் கிடையாது. கோமதிநாயகம் கெட்டிமேளம் அடித்தால் பக்கத்தில் அணுகுண்டு போட்டாலும் கேட்காது என்று வீடு தேடி வந்து தேதி வாங்கிப் போவார்கள். தாளம் போடுகிறவனாக ஆரம்பித்து, இரண்டாம் தவிலாகி, முதல் தவிலாகி, நோட்டீசில் 'சிறப்புத் தவில்' என்று பெரிய எழுத்தில் போடுகிற ஆளாகி, ரேடியோவில் வாசித்து, சிங்கப்பூர் மலேசியா போய், 'லயச்சுடர்' என்று பட்டமும் வாங்கிக்கொண்டான். எல்லாம் அந்த அடியில் வந்தது.

அந்த முதல் படி எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் அப்பா எங்கள் இருவருக்கும்தான் தவில் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்குள் அடிக்கிறவரை எனக்கும் தடை இல்லை. அண்ணனுக்கு வலது கை, எனக்கு இடது கை என்று அப்பாவே சொல்வார், அதாவது குச்சி பிடிக்கிற கை எனக்குத்தான் சுத்தம் என்று. எனக்குப் பதினேழு வயதில் இசைப்பள்ளியில் தவில் பிரிவில் இடமும் கிடைத்தது, கடிதத்தை மஞ்சள் பைக்குள் வைத்திருந்தேன். அந்த மாதம்தான் நாதஸ்வர வித்வான் குற்றாலலிங்கம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய செட்டில் இரண்டாம் தவிலுக்கு ஆள் வேண்டியிருந்தது, அவருடைய தம்பி சங்கரவேலுவுக்குப் பெண் வேண்டியிருந்தது. தம்பிக்கு வயது முப்பத்தைந்து, முதல் பெண்டாட்டி இறந்து ஆறு மாதம். இரண்டு தேவையையும் ஒரே காபியில் பேசி முடித்தார்கள். "கல்யாணத்துக்குக் கெட்டிமேளம் பையனே அடிக்கட்டும், கை எப்படின்னு அதுலயே பாத்துக்கிடலாம்" என்று வித்வான் சொல்லி, புதுத் தவில் ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனார். என் கல்யாணம் என் அண்ணனுக்குப் பரீட்சை.

பரீட்சையில் அவன் தேறிவிட்டான். தாலியைக் கொண்டுவந்தபோது நான் திரும்பி அவனைப் பார்த்துச் சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னேன். அவன் அடித்தான். அதற்கப்புறம் இருபத்துநாலு வருஷமாக நான் சொன்னேன் என்று சொன்னால், அம்மா முதல் ஐயர் வரை எல்லாரும் ஒரே பாட்டுத்தான்: "நீ வாயத் தொறக்கவே இல்லையே, செல மாதிரில்லா உக்காந்திருந்த." அண்ணனைக் கேட்டால் "மேளச் சத்தத்துல என்னத்தக் கேக்க முடியும், எனக்கு ஒண்ணும் கேக்கலட்டி" என்பான். எத்தனை பேர் எத்தனை தடவை சொன்னால் ஒருத்திக்குத் தன் வாய்மேலேயே சந்தேகம் வரும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கு வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக, நான் சொன்னேனா, சொன்னதாக நினைத்துக்கொண்டேனா என்று எனக்கே நிச்சயமில்லாமல் போயிற்று. சொல்லாமலே பொய்யாக ஒரு நினைப்பை வளர்த்துவிட்டோமோ என்று சோறு வடிக்கும்போதெல்லாம் தோன்றும். இப்போது அந்தத் தவில் வாயைத் திறந்திருக்கிறது.

இனி ஊர் என்ன செய்தது என்று கேளுங்கள். ஊர் திகைக்கவில்லை. மில்காரர் மருமகன் வீட்டார் ஜோசியரிடம் போய் இது தோஷமா என்று கேட்டார்கள், மங்கல வாத்தியத்திலிருந்து எது வந்தாலும் மங்கலம்தான் என்று அவர் சொல்லிவிட்டார். அடுத்த முகூர்த்தத்திலும் அண்ணன் அடித்தான், மற்றபடி பாட்டுக்கெல்லாம் தவில் தவிலாகவே பேசியது, கெட்டிமேளம் என்று அடித்தால் மட்டும் பழைய கல்யாணங்கள் வந்தன, ஒரு அடிக்கு ஒரு கல்யாணம். அதனால் முகூர்த்தங்களுக்கு வேறு தவில் வாங்கிக்கொண்டான். ஆனால் அதற்குள் செல்விக்குச் செய்தி போய், அவள் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்று, "என் குரல் எங்க?" என்று கேட்டாள். வந்தது வந்துவிட்டது, திரும்ப வராது என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் அம்மா சமாதானம் சொன்னாள், "விடுளா, எல்லாப் பொண்ணும் அப்பம் அப்படித்தான்." அந்த அம்மாவைக் கன்னத்தில் அறைய வேண்டும் என்று இருந்தது எனக்கு.

புரட்டாசி பிறந்தது, கல்யாணம் இல்லாத மாதம். சிவகாமி மகால் முதலாளி பொன்னம்பலம் சாப்பாட்டுக் கூடத்தைத் திறந்துவிட்டார். தங்கள் குரலைக் கேட்கப் பெண்கள் வந்தார்கள். கல்யாணப் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு, தூக்குவாளியில் புளியோதரையோடு, ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, தென்காசியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். அண்ணன் வீட்டில் வருஷத்துக்கு ஒன்றாக இருபத்துநாலு டைரி இருந்தது, எந்தத் தேதி எந்தக் கல்யாணம் என்று எழுதியது. அதைப் பின்னாலிருந்து முன்னாலாக வாசிக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நான் தேதியும் பெண்ணின் பெயரும் சொல்வேன், அந்தப் பெண் கையை உயர்த்துவாள், அண்ணன் அடிப்பான். மொத்தம் ஆயிரத்து நானூற்றுப் பதினாறு கல்யாணம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து என்று வைத்தால் மார்கழிக்குள் முடியும் என்று நான் முதல் நாளே மனசுக்குள் பார்த்து வைத்துவிட்டேன்.

அண்ணன் ஏன் சம்மதித்தான் என்றால், அவனுக்கு அது புகழ். கூட்டம் கூடுகிறதே, மேடையில் நடுவில் உட்கார்கிறானே. இத்தனை வருஷமும் மேடை ஓரத்தில் உட்காரவைத்து, "யோவ் மேளம், அடிய்யா" என்று கைசொடுக்கிக் கூப்பிட்டு, கடைசிப் பந்தியில் சாப்பாடு போட்டவர்கள் இன்றைக்கு "அண்ணாச்சி, நம்ம வீட்டுது எப்பம் வரும்?" என்று குனிந்து கேட்கிறார்கள். வெளியூர் வித்வான்கள் வந்து தவிலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். முன்னால் வரப்போகிறது எது என்று அவன் யோசிக்கவே இல்லை. தனக்கு வசதியில்லாததை யோசிக்காமல் இருப்பதில் அவனுக்குப் பழக்கம் அதிகம்.

என்னென்ன வந்தது என்று சொன்னால் விடிய விடியச் சொல்லலாம். முக்கால்வாசி தும்மலும் இருமலும் குழந்தைகள் அழுகிற சத்தமும்தான். ஒரு மாப்பிள்ளை தாலி கட்டிக்கொண்டே ஃபேனைத் திருப்பி வைக்கச் சொன்னான். ஒரு மாமியார் "பொண்ணு கறுப்புத்தான், என்ன செய்ய" என்றாள், முப்பது பேர் முன்னால், அந்த மாமியாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், நாங்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். ஒருத்தி சிரித்திருக்கிறாள், மாப்பிள்ளை காதில் ஏதோ சொல்லியிருக்கிறான், கலகலவென்று சிரிப்பு, அதைக் கேட்டு இந்த வயதிலும் அவளுக்கு வெட்கம் வந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தனியாக வந்த ஒரே ஆண் கிட்டங்கியில் மூட்டைக் கணக்கு எழுதுகிற வேலாண்டி. பெண்டாட்டி போன வருஷம் இறந்துபோனாள். அவர் தேதி வந்து அண்ணன் அடித்தபோது அந்த அம்மாள் குரல் "பசிக்கு" என்றது, வேறொன்றும் இல்லை. வேலாண்டி அண்ணாச்சி சிரித்து, சிரிப்பிலேயே அழுது, "காலையிலேருந்து ஒண்ணும் குடுக்கலியாம்மா ஒனக்கு" என்று தவிலைப் பார்த்துக் கேட்டார்.

மற்றதெல்லாம் 'வேண்டாம்' தான். நான் டைரியில் அந்தந்தத் தேதிக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். முந்நூற்றுப் பதினெட்டு கோடு. வேண்டாம்ப்பா, வேண்டாம்மா, நான் படிக்கணும், இவரு இல்ல, என்னை விட்டுருங்க, சாமி சாமி சாமி. சிலது சத்தமாக, சிலது உதட்டுக்குள்ளே. நான் முதலில் என்ன நினைத்தேன் என்றால், இத்தனை பேர் காதில் இது விழுந்த பிறகு ஊர் ஒரு நாளாவது நின்றுபோகும் என்று நினைத்தேன். அடுப்பாவது ஒரு வேளை அணையும் என்று நினைத்தேன். நான்தான் கிறுக்கச்சி. தன் குரலைக் கேட்டவள் மூக்கைச் சிந்திவிட்டு, "எனக்கும் அதேதான் வந்துச்சுக்கா" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். ஜாக்கெட் டிசைனை ஒப்பிட்டுப் பார்ப்பதைப்போல ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்துப் போய் அவரவர் வீட்டில் மாவாட்டினார்கள்.

ஐப்பசியில் மறுபடி முகூர்த்தம் ஆரம்பித்தபோது ஊர் இதையும் கல்யாணத்தில் சேர்த்துக்கொண்டது. வீடியோக்காரர்கள் தவில் பக்கத்தில் தனி மைக் வைத்தார்கள். பெண்ணை மேடைக்கு அனுப்பும்போது பெரியவர்கள் தண்ணீர் கொடுத்து, "நல்லதா ஏதாவது சொல்லு, பின்னால வரும்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஆவுடைத்தாய் டீச்சர் மட்டும், என்னோடு அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள், இன்னும் கல்யாணம் செய்துகொள்ளாதவள், கூடத்து வாசலில் நின்று சத்தமாகவே கேட்டாள்.

"ஏட்டி, இவ்வளவு பேரு வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க. எவளாவது வீட்டுக்குப் போயி புருசங்கிட்ட கேட்டீங்களா? அப்பங்கிட்ட?"

"கேட்டு என்ன டீச்சர் ஆவப்போவுது? புள்ளைக பிளஸ் டூ படிக்கி."

டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் அடுத்த தேதியை வாசித்தேன்.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. டைரி இருபத்துநாலிலிருந்து இரண்டாவதுக்கு வந்தது, பிறகு முதலாவது டைரி. அதில் பதினோரு கல்யாணம் மட்டும் மிச்சம் இருந்தபோது அண்ணன் வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். கை சுளுக்கிக்கொண்டதாம், வைத்தியர் ஆறு மாதம் தவில் தொடக்கூடாது என்றாராம். அவன் மேடையில் ஏறாமல் படியில் நின்றே கூட்டத்துக்குக் கும்பிடு போட்டான்.

நான் அவன் வீட்டுக்கே போனேன். மதினி கதவைத் திறந்தாள், உள்ளே வித்வான் குற்றாலலிங்கமும் என் வீட்டுக்காரர் சங்கரவேலுவும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"எம்மா வடிவு," என்றார் வித்வான். எழுபத்தெட்டு வயதிலும் அவர் குரல் நயமாகத்தான் இருக்கும். "ஊர் பூராவும் கேட்டாச்சு. இது போதும். நம்ம குடும்பத்த நாமளே சந்தியில இழுக்கணுமா?"

"நான் என்ன அத்தான் இழுத்தேன்? பதினோரு தேதி மிச்சம் இருக்கு."

"நீ அன்னைக்கு வாயே தொறக்கலம்மா. நான் எதுத்தாப்புலதான நின்னு வாசிச்சேன்? செல மாதிரி இருந்த. மகாலட்சுமி மாதிரி."

"அப்பம் அடிச்சா ஒண்ணும் வராதுல்லா? எதுக்குப் பயப்படுதிய?"

என் வீட்டுக்காரர் துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன், அடிக்கமாட்டார், குடிக்கமாட்டார், இருபத்துநாலு வருஷத்தில் எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை, அவ்வளவுதான். "பேரன் பேத்தி எடுக்கிற வயசுல எதுக்கு இந்த வீம்பு?" என்றார்.

"ஒங்கள ஒண்ணும் நான் சொல்லல. நீங்க சும்மா இருங்க." நான் அண்ணனைப் பார்த்தேன். "ஏண்ணே, கட்ட அவுரு பாப்போம்."

"வலிக்குட்டி."

"ஒனக்கு ஒண்ணும் கேக்கலன்னு சொன்னேல்லா, இப்பமாவது கேளு. நான் சொன்னேனா சொல்லலியான்னு எனக்குத் தெரியணும். அதுவும் இல்லேன்னா நான் பைத்தியக்காரின்னு நானே ஒத்துக்கிட்டு வீட்டுல கெடக்கேன்."

"நான் வாத்தியக்காரன் வடிவு," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "அடின்னா அடிப்பேன். நிறுத்துன்னா நிறுத்துவேன். யாரு அழுதா யாரு சிரிச்சான்னு பாத்தா எந்த வாத்தியக்காரனும் பொழைக்க முடியாது."

அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது என்று மதினி தலையாட்டினாள். நிறுத்து என்றால் நிறுத்துவானாம்.

நான் அழவுமில்லை, கெஞ்சவுமில்லை. டைரியை எடுத்துக்கொண்டு வந்து மிச்சம் பதினோரு பெயரில் என்னுடையதை விட்டுவிட்டு மற்றப் பத்துப் பேர் வீட்டுக்கும் போனேன். அண்ணன் கைச் சுளுக்கு என்று உங்கள் குரலை மட்டும் அடைத்துவைத்துவிட்டான் என்று சொன்னேன். அந்தப் பத்தில் ஒருத்தி மகால் முதலாளியின் பெண்டாட்டி பவளக்கொடி. ஊரில் ஆயிரத்து நானூறு பேர் தங்கள் குரலைக் கேட்டிருக்க, மண்டபத்துக்காரிக்கு மட்டும் இல்லை என்றால் அவள் விடுவாளா? மார்கழி இருபத்தெட்டாம் தேதி காலை, பத்துப் பேரும் பத்திரிகையோடு அண்ணன் வீட்டு முன் வந்து நின்றார்கள், பவளக்கொடி தன் காரிலேயே அண்ணனையும் தவிலையும் ஏற்றிக்கொண்டு போனாள். இனிமேல் தை மாத முகூர்த்தங்கள் சிவகாமி மகாலில் யாருக்கு என்பதை அவள்தான் முடிவு செய்வாள் என்பது அவனுக்குத் தெரியும். கைக்கட்டு காரிலேயே அவிழ்ந்துவிட்டது.

கூடம் நிறைந்திருந்தது. வித்வானும் வந்திருந்தார், முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் தேதி வாசித்தேன், அண்ணன் அடித்தான். ஒன்று தும்மல். ஒன்று, "பூ விழுந்துட்டு, எடு." மூன்று வேண்டாம். பவளக்கொடியுடையது, அவள் அப்பாவின் குரல், "கடவுளே, இவளாவது நல்லா இருக்கட்டும்" என்று விம்மியது, அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பத்தும் முடிந்தது. அண்ணன் வலது கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணிப்பையில் போட ஆரம்பித்தான்.

"இன்னொண்ணு இருக்கு," என்றேன்.

"முடிஞ்சுபோச்சு. எல்லாரும் சாப்பிடப் போங்க," என்றான்.

யாரும் எழுந்திருக்கவில்லை. நான் மேடையில் ஏறினேன். என் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தவிலை என் பக்கம் இழுத்தேன். அவன் வாரைப் பிடித்தான். நாற்பத்தொரு வயதுப் பெண்பிள்ளையோடு மேடையில் இழுபறி நடத்தினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியிருக்கும், விட்டுவிட்டான். நான் குச்சியை இடது கையில் எடுத்தேன். இருபத்துநாலு வருஷம் ஆகியிருந்தது, கை மறந்திருக்கவில்லை. கூடு இல்லாமல் வெறும் விரலால் வலது பக்கம் அடித்தால் விரல் கிழியும் என்று தெரியும், கிழியட்டும் என்று இருந்தது. கீழே டீச்சர் எழுந்து நின்று, ஐயர் உயர்த்துவதைப் போல விரலை உயர்த்தினாள்.

"கெட்டிமேளம்," என்றாள்.

அடித்தேன்.

"அண்ணே," என்றது. பதினேழு வயதுக் குரல், மெலிந்து, என் மகளுடைய குரல் மாதிரியே இருந்தது. "அண்ணே, நிறுத்துண்ணே." மறுபடியும் அதே குரல். "நிறுத்துண்ணே. எனக்கு வேண்டாம்ணே. என்னைப் பாருண்ணே, நிறுத்து."

சொல்லியிருக்கிறேன். மூன்று தடவையும் சொல்லியிருக்கிறேன். என் வாய் பொய்யில்லை, என் நினைப்பு பொய்யில்லை, நான் பைத்தியக்காரி இல்லை. ஒரு கல்யாணத்தில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்த பெண் என்று என்னை நம்பவைத்த ஊர் மொத்தமும் கீழே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கப் போனேன். ஆனால் தவில் இன்னும் முடிக்கவில்லை. என் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் இருந்தது, மிகத் தாழ்வாக, பல்லைக் கடித்துக்கொண்டு, அடிக்கு ஒன்றாக, தாளம் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

"கேக்கல. கேக்கல. கேக்கல. கேக்கல."

அது அண்ணன் குரல். இருபது வயது கோமதிநாயகம் தன் முதல் கெட்டிமேளத்தை அடித்துக்கொண்டே தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. என் ஒவ்வொரு 'அண்ணே'க்கும் ஒரு 'கேக்கல'. பரீட்சை எழுதுகிறவன் பாடத்தை முணுமுணுப்பதைப்போலச் சொல்லியிருக்கிறான். நான் சொன்னது கடைசி எழுத்துவரை அவன் காதில் விழுந்திருக்கிறது, விழுந்ததால்தான் அப்படி அடித்திருக்கிறான், அந்த அடியைக் கேட்டுத்தான் வித்வான் அவன் தோளில் தட்டி நீ நம்ம செட்டுல வந்துரு என்றார். லயச்சுடர் பட்டம், சிங்கப்பூர், ரேடியோ எல்லாம் அதிலிருந்து ஏறினவைதான்.

தவில் அடங்கியது. முதல் வரிசையில் வித்வான் செருப்பைத் தேடினார். அண்ணன் எங்கேயும் பார்க்கவில்லை. பிறகு அவன் மேடையில், என் முன்னால், முழங்கால் போட்டான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, இரண்டு கையையும் கூப்பியிருந்தான். கூட்டம் முன்னால் நகர்ந்தது. ஊருக்கு இது பிடிக்கும், எனக்குத் தெரியும். அண்ணன் அழுவான், தங்கை அழுவாள், அவன் மன்னிப்புக் கேட்பான், அவள் கண்ணைத் துடைத்துவிடுவாள், எல்லாரும் மூக்கைச் சிந்திவிட்டு மூன்றரை மணி பஸ்ஸுக்குப் போவார்கள். பெண்கள் சிலர் இப்போதே முந்தானையை எடுத்துவிட்டார்கள்.

"வடிவு," என்றான் அண்ணன். "நான் அன்னைக்கு..."

நான் குச்சியை ஓங்கித் தவிலை அடித்தேன். உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்து தவில் வெறுமையாகியிருந்தது, இப்போது அது தவிலாகவே பேசியது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை, கூரைத் தகரம் அதிர்ந்தது, மேஜையில் டம்ளர்கள் குதித்தன. இரண்டு கையாலும் அடித்தேன். விரல் கிழிந்து ரத்தம் தோலில் தெறித்தது, நிறுத்தவில்லை. அண்ணன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், நீளமாக, கழுத்து நரம்பு புடைக்க, கையை நெஞ்சில் வைத்து, திரும்பத் திரும்ப. இருபத்துநாலு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்ததாக இருக்கும். முதல் வரிசையில் இருந்தவர்கள் காதை அவன் பக்கம் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை என்று ஒருவருக்கொருவர் கையைக் காட்டிக்கொண்டார்கள். அவன் நிறுத்து என்று கையைக் காட்டினான். அவன் உதடு அசைகிறவரைக்கும் நான் அடித்தேன்.